140 பக்கத்தில் நின்றுபோன நாவல்: கதைப்பின்னல் எங்கே அறுந்தது?

#1 வைப்பாற்றுக்காரன்

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். இப்போது வேறு வழியில்லாமல் வாய் திறக்கிறேன்.

ஒரு நாவல் எழுதத் தொடங்கி 140 பக்கம் வந்தாயிற்று. முதல் 50 பக்கம் தண்ணீர் மாதிரி ஓடியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அத்தியாயமும் பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது. ஏதேதோ நடக்கிறது, கதை மட்டும் நகரவில்லை.

சுருக்கம் இதுதான். அருப்புக்கோட்டையில் ஒரு அடகுக்கடை. செல்வம் அங்கே நகைக்கு மதிப்புப் போடுகிறவன், வயது 31. தங்கை மலருக்குத் தை மாதம் கல்யாணம். செல்வத்தின் கூட்டாளி பாஸ்கர் இரண்டாம் அத்தியாயத்தில் ஏஜெண்டுக்குப் பணம் கட்டிச் சிங்கப்பூர் போகிறான். மூன்றாம் அத்தியாயத்தில், கடையில் அடகிருக்கும் 5 பவுன் சங்கிலி ஒன்று போலி என்று செல்வத்துக்குத் தெரிகிறது. அதற்கு மதிப்புப் போட்டவனே அவன்தான். யாரிடமும் சொல்லாமல் மறைக்கிறான். அப்புறம் முதலாளி அவனைச் சந்தேகப்படுகிறார். அப்புறம் அப்பா இறந்துபோகிறார். அப்புறம் ஊரில் பெருமழை, கடைக்குள் தண்ணீர். அப்புறம் மாப்பிள்ளை வீட்டார் கூடுதலாக நகை கேட்கிறார்கள். கடைசியில் பாஸ்கர் ஊருக்கு வந்து பணம் கொடுத்து எல்லாவற்றையும் சரிசெய்கிறான்.

நண்பர்கள் இரண்டு பேரிடம் கொடுத்தேன். இருவரும் 'நல்லா இருக்கு' என்றார்கள். ஒருவன் 90ஆம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து மூடியிருக்கிறான். நோட்டைத் திரும்ப வாங்கியபோது டிக்கெட் அங்கேயேதான் இருந்தது.

எங்கே தப்பு?

#2 மாதநாவல்காரர்

தம்பி, உங்கள் சுருக்கத்தில் எத்தனை 'அப்புறம்' இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிவிட்டேன், நான்கு. 'அதனால்' எத்தனை? ஒன்றுகூட இல்லை.

நான் எண்பதுகளில் மாத நாவல் எழுதியவன். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, விடுங்கள். மாதம் பிறந்தால் ஒரு கதை கொடுத்தாக வேண்டும். அப்போது ஒரு பழக்கம் வைத்திருந்தேன். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்துக்கொள்வேன். பின்பக்கம் வெறுமையாக இருக்குமே, அதில் ஒரு தாளுக்கு ஒரு காட்சி. சோற்றுப்பருக்கை தடவிச் சுவரில் வரிசையாக ஒட்டுவேன். பிறகு இரண்டு தாளுக்கு நடுவில் சுவரிலேயே பென்சிலால் ஒரு சொல். 'அதனால்' என்று எழுத முடிந்தால் நல்லது. 'ஆனாலும்' என்றாலும் பரவாயில்லை. 'அப்புறம்' என்றுதான் எழுத வருகிறது என்றால் அந்த இரண்டு தாளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, பஸ்ஸில் தெரியாத ஆள் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி. வீட்டுக்காரி சுவரைப் பார்த்துத் திட்டுவாள், அது தனிக்கதை.

அப்பாவின் சாவை எடுத்துக்கொள்வோம். அந்தத் தாளைக் கிழித்துவிட்டால் அடுத்த அத்தியாயத்தில் என்ன மாறும்? மழையைக் கிழித்தால்? ஒன்றும் மாறாது என்றால் அது பந்தலுக்கு நட்ட கால் இல்லை, பந்தலில் தொங்கவிட்ட காகிதத் தோரணம்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று. போலி என்று தெரிந்த அன்றே செல்வம் ஏன் முதலாளியிடம் போய்ச் சொல்லவில்லை? ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லுங்கள்.

#3 வைப்பாற்றுக்காரன்

பயம் ஐயா. வேலை போய்விடும் என்ற பயம்.

#4 மாதநாவல்காரர்

போதாது. வேலை போனால் பக்கத்துத் தெருவில் இன்னொரு அடகுக்கடை இருக்கும். சொன்னால் வருகிற நஷ்டம் சொல்லாமல் இருந்தால் வருவதைவிடப் பெரிதாக அவனுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் அடுத்த 100 பக்கம் அவன் மறைப்பதை வாசகன் பொறுத்துக்கொள்வான். இல்லாவிட்டால் 'லூசுப்பயலே, போய்ச் சொல்லேண்டா' என்று டிக்கெட்டைச் செருகி மூடிவிடுவான்.

#5 கொல்லைப்புறம்

நான் எழுதுவதை எங்கள் பெரியம்மாவுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டுவேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கொல்லைத் திண்ணையில் நிலக்கடலை உரித்துக்கொண்டே கேட்பார், 'ம்' கொட்டுவார். நான் வாசிக்கும்போது காதெல்லாம் அந்த 'ம்'மில்தான் இருக்கும். 'ம்' நின்றுவிட்டால் இரண்டில் ஒன்று. கதை அவரைப் பிடித்து வைத்திருக்கிறது, அல்லது அவர் தூங்கிவிட்டார். கடலை உரிக்கிற சத்தத்தை வைத்து எது என்று கண்டுபிடிப்பேன். சத்தமும் நின்றால் ஜெயித்துவிட்டேன். 'ம்' நின்று சத்தம் தொடர்ந்தால் அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு.

நடுவில் அவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "அவ எதுக்கு அங்க போனா?" நான் அழகான வர்ணனை எழுதியிருப்பேன், கோயில், தேர், மாலை வெயில் எல்லாம். அவருக்கு அவள் எதற்குப் போனாள் என்பது தெரிய வேண்டும். தேர் இருக்கும் இடத்துக்கு நான்தான் அவளைக் கூட்டிப்போனேன், எனக்குத் தேரை வர்ணிக்க ஆசை, அதனால் போனாள். அதைப் பெரியம்மாவிடம் எப்படிச் சொல்வது?

உங்கள் செல்வமும் அப்படித்தான் போகிறான் தம்பி. மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு அவனாக ஒன்றும் செய்யவில்லை. முதலாளி சந்தேகப்படுகிறார், அப்பா சாகிறார், மழை பெய்கிறது, சம்பந்தி கேட்கிறார், கூட்டாளி கொடுக்கிறான். எல்லோரும் வேலை செய்கிறார்கள், கதாநாயகன் மட்டும் லீவில் இருக்கிறான்.

#6 மௌனவாசகன்

மன்னிக்கவும், நான் மாறுபடுகிறேன். கதைப்பின்னல், திருப்பம், முடிச்சு எல்லாம் மாத நாவல் காலத்துச் சரக்கு (மேலே எழுதியவர் கோபிக்க வேண்டாம்). வாழ்க்கையில் 'அதனால்' கிடையாது. அப்பா சாவதற்கும் சம்பந்தி நகை கேட்பதற்கும் தொடர்பு இருக்காது. இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கும். அதை அப்படியே எழுதுவதுதான் நேர்மை. வாசகனைப் பக்கம் புரட்ட வைப்பது ஒரு வித்தை. இலக்கியத்துக்கு அது கட்டாயமா?

#7 வைப்பாற்றுக்காரன்

மௌனவாசகன் சொன்னது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாஸ்கர் பணத்தோடு வருவதை எல்லோரும் குறை சொல்வீர்கள் என்று தெரியும். ஆனால் அது என் மாமாவுக்கு உண்மையிலேயே நடந்தது. கடனில் மூழ்கியிருந்தபோது பழைய நண்பர் சிங்கப்பூரிலிருந்து வந்து கொடுத்தார். கண்ணால் பார்த்தேன்.

#8 புலவர் தாத்தா

32 ஆண்டு தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு செய்தி சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, 'உண்மையில் நடந்தது' என்பது கதைக்குச் சாட்சி ஆகாது. இதை 2300 ஆண்டுக்கு முன்பே கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் சொல்லிவிட்டார். நடக்கக்கூடியதே ஆனாலும் நம்பும்படி இல்லாததைவிட, நடக்கவே முடியாததானாலும் நம்பும்படி இருப்பது மேல் என்பது அவர் கட்சி. உங்கள் மாமாவுக்கு நடந்ததை ஊர் நம்பும், ஏனென்றால் மாமா கண்ணெதிரே இருக்கிறார். செல்வத்துக்கு நீங்கள் எழுதியது மட்டும்தான் இருக்கிறது.

இரண்டாவது, நகை, அடகு, பொய்ப்பழி என்று எழுதுகிறவர் நம் வீட்டுப் பரணில் இருப்பதை இறக்கிப் பார்க்க வேண்டாமா? சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை ஒருமுறை கதை எழுதுகிறவன் கண்ணோடு படியுங்கள். வகுப்பில் அதை அறம், கற்பு, ஊழ் என்று நடத்தினோம். நானும் அப்படித்தான் நடத்தினேன். ஓய்வுக்குப் பிறகுதான் அதன் தச்சு வேலை கண்ணில் பட்டது.

கோவலன் மதுரைக் கடைவீதியில் சிலம்பை விற்கப் போகிறான். நூறு கொல்லர்கள் பின்னால் வர, ஒரு பொற்கொல்லன் எதிரே வருகிறான். அவனிடம் போய் இவனாகவே கேட்கிறான். இது தற்செயல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பொற்கொல்லன் வெறும் கெட்டவன் இல்லை. அரசியின் சிலம்பை அவன் ஏற்கெனவே திருடியிருக்கிறான், அது வெளியே வருமுன் பழியைச் சுமத்த ஓர் ஆள் தேவை. அசலூர்க்காரன் ஒருவன் கையில் சிலம்போடு தானே வந்து நிற்கிறான். அடுத்தது அரசன். அவன் நின்று விசாரித்திருந்தால் கதை முடிந்தது. ஏன் விசாரிக்கவில்லை? அரசி ஊடிக்கொண்டு போய்விட்டாள், அவளைச் சமாதானப்படுத்த அந்தப்புரத்துக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறான். வாசலில் மடக்கித்தான் பொற்கொல்லன் சொல்கிறான். நடந்துகொண்டே ஓர் ஆணை. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று அதைக் கொண்டு வாருங்கள் என்று வாய் சொல்லிவிடுகிறது.

சரி, காவலர்களாவது? அவர்களுக்கே சந்தேகம் வருகிறது, இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். இளங்கோ அங்கே ஒரு கதவைத் திறந்து காட்டுகிறார். பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை நீட்டி முழக்கி அந்தக் கதவைச் சாத்துகிறான். அதற்குள் கல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

நான்கு பேர். அவரவர்க்கு அவரவர் அவசரம். ஒருவருக்கும் கோவலன்மேல் தனிப்பட்ட பகை இல்லை. ஆனாலும் அவன் செத்தே ஆக வேண்டியிருக்கிறது.

#9 மௌனவாசகன்

ஐயா, அருமையான விளக்கம். ஆனால் அந்தக் காப்பியமே 'ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்' என்று முன்னுரையான பதிகத்திலேயே கைதூக்கி ஒப்புக்கொள்கிறது. விதி என்று சொல்லிவிட்டால் எந்தத் தற்செயலையும் நுழைத்துவிடலாமே. எங்களுக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை இல்லை?

#10 புலவர் தாத்தா

அந்தச் சலுகையை இளங்கோ எடுத்துக்கொள்ளவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். ஊழ் என்று வாயால் சொல்கிறார், ஆனால் ஒவ்வொரு படியிலும் மனிதக் காரணம் வைக்கிறார். ஊழை நம்பாதவனும் அந்தக் கதையை நம்பிவிடுவான். தற்செயல் எங்கே வருகிறது என்றும் கவனியுங்கள். கோவலனை மாட்டிவிடுவதற்கு வருகிறது. காப்பாற்றுவதற்கு ஒரு தற்செயலும் வரவில்லை. துன்பம் தெருவில் போகிறபோது தானாக வந்து மோதலாம், வாசகன் ஒத்துக்கொள்வான். நிவாரணம் அப்படி வந்தால் முகம் சுளிப்பான். வைப்பாற்றுக்காரரின் சிங்கப்பூர் நண்பர் இடிப்பது அதனால்தான்.

'கதைப்பின்னல், திருப்பம் எல்லாம் மாத நாவல் காலத்துச் சரக்கு' என்றீர்கள். கானல்வரியைப் பாருங்கள். கடற்கரையில் கோவலனும் மாதவியும் யாழ் வைத்துப் பாடுகிறார்கள், அவ்வளவுதான். யாரும் யாரையும் அடிக்கவில்லை. அவன் பாட்டில் வேறு பெண் இருப்பதாக அவள் நினைக்கிறாள், அவள் பாட்டில் வேறு ஆண் இருப்பதாக அவன் நினைக்கிறான். எழுந்து போய்விடுகிறான். அங்கிருந்து மதுரை எரிகிறவரை ஒரே சரிவு. கதைப்பின்னல் என்றால் சத்தம் என்று யார் சொன்னது?

இன்னொன்று. கோவலன் வீடு திரும்பி, பொருளையெல்லாம் தொலைத்தது வெட்கமாக இருக்கிறது என்கிறபோது, கண்ணகி சிரித்த முகத்தோடு 'சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்' என்கிறாள். மாதவிக்குக் கொடுக்கக் கையில் இல்லாமல் வந்திருக்கிறான் என்று நினைத்துச் சொன்னதாக உரை சொல்லும். அவளுடைய பெருந்தன்மையில் ஒரு தப்பர்த்தம். அந்தச் சிலம்புதான் அவனைக் கொல்கிறது. பாத்திரத்தின் நல்ல குணத்திலிருந்தே கேடு முளைக்க வேண்டும், தம்பி. உங்கள் செல்வத்திடம் என்ன நல்ல குணம் இருக்கிறது?

#11 புதுவரவு

ஒரு சின்னக் கேள்வி. எல்லாவற்றையும் முன்னாலேயே திட்டம் போட்டுவிட்டால் எழுதுகிற சுகம் போய்விடாதா? எனக்கு முடிவு தெரிந்துவிட்டால் எழுதப் பிடிப்பதில்லை.

#12 மாதநாவல்காரர்

போடுகிறவர்கள் போடட்டும், போடாதவர்கள் எழுதி முடித்த பிறகு சுவரில் ஒட்டட்டும். எப்போது ஒட்டினாலும் ஓட்டை அதே இடத்தில்தான் தெரியும்.

#13 உரைகல்

நான் எழுத்தாளன் இல்லை, வாசகன். ஆனால் 22 வருடம் அடகுக்கடையில் செல்வம் செய்கிற அதே வேலையைச் செய்திருக்கிறேன். இந்த இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

முதலில் ஒரு சந்தேகம். உங்கள் செல்வம் எப்படி ஏமாந்தான்? நோட்டில் எழுதியிருக்கிறீர்களா? ஏனென்றால் மதிப்புப் போடுகிறவன் சும்மா ஏமாற மாட்டான். நகை வந்ததும் கையில் வாங்கும்போதே பாதி தெரிந்துவிடும். தங்கத்துக்கு ஒரு கனம் உண்டு. சுத்தத் தங்கம் ஒரு கன சென்டிமீட்டர் 19.3 கிராம் இருக்கும். 22 கேரட் என்றால் 17, 18க்குள் வரும். வெள்ளி வெறும் 10.5. அப்புறம் உரைகல்லில் உரைத்து, கோட்டின்மேல் திராவகம் வைத்துப் பார்ப்போம். முலாம் மெல்லிசாக இருந்தால் அங்கேயே பல்லிளித்துவிடும்.

ஆனால் முலாம் கனமாகப் பூசியிருந்தால் முதல் உரையில் தங்கம்தான் தெரியும், ஏனென்றால் உரைபடுவது மேல்தோல் மட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஓரிடத்தில் அரம் வைத்துத் தேய்த்துவிட்டு, அந்த இடத்தை உரைக்க வேண்டும். தெரியாத ஆள் நகைக்குக் கூசாமல் அரம் வைப்போம். தெரிந்தவர்கள் என்றால் கை வராது. வருடா வருடம் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது வைத்துவிட்டுத் தை பிறந்ததும் திருப்புகிற ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் முகத்துக்கு நேராக அரத்தை எடுத்தால் 'உன்னை நம்பவில்லை' என்று சொல்கிற மாதிரி. போன தடவை நல்ல நகை, இந்தத் தடவையும் அதே நகை, பழைய சீட்டில் எடை 40 கிராம், இப்போதும் 40 கிராம். எழுது சீட்டை என்று போய்விடுவோம்.

புலவர் ஐயா கேட்டாரே, செல்வத்திடம் என்ன நல்ல குணம் என்று. எனக்குத் தெரிந்து அவன் மரியாதைக்காரன். அந்தச் சங்கிலியைக் கொண்டு வந்தவர் அவன் மரியாதை வைத்திருக்கும் ஆள். அதனால் அரம் வைக்கவில்லை.

முதலாளியிடம் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் எங்கள் தொழிலில் பதில் இருக்கிறது. உள்ளே வரும்போது நல்ல நகை என்று கையெழுத்துப் போட்டவன் நான். லாக்கர் சாவி என் கையில். இன்று உள்ளே இருப்பது போலி. யார் மாற்றியது? வைத்தவர் ஏமாற்றினார் என்று யாரும் முதலில் நினைக்க மாட்டார்கள். மதிப்புப் போட்டவனைத்தான் பார்ப்பார்கள். அதுவும் வீட்டில் தங்கை கல்யாணம் வைத்திருக்கிறவன் என்றால் கேட்கவே வேண்டாம். வேலை போவது பெரிய விஷயமே இல்லை. திருட்டுப்பட்டம் வந்துவிடும், அதைச் சுமந்துகொண்டு எந்தக் கடை வாசலிலும் ஏற முடியாது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஆகியிருக்கிறது. அதற்குமேல் சொல்ல விரும்பவில்லை.

#14 வைப்பாற்றுக்காரன்

உரைகல் அண்ணே, இதைப் படித்துவிட்டு எழுந்து இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தேன். நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'எப்படியோ அவன் கண்ணுக்குத் தப்பிவிட்டது.' எப்படியோ! அந்த ஒரு சொல்லுக்குள் என் நாவல் முழுவதும் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது.

சங்கிலி வைத்தவர் யார் என்றுகூட நான் யோசிக்கவில்லை. 'ஒரு பெண்மணி' என்று எழுதியிருக்கிறேன். இப்போது யோசிக்கிறேன். செல்வத்துக்கு ஐந்தாம் வகுப்பு நடத்திய டீச்சரம்மா. கணவர் இல்லை, பென்ஷனில் ஓடுகிற குடும்பம். வருடா வருடம் அதே சங்கிலி. அவரிடம் செல்வம் அரம் வைப்பானா?

#15 மாதநாவல்காரர்

வைக்க மாட்டான். ஆனால் டீச்சரம்மாவுக்குப் போலிச் சங்கிலி எங்கிருந்து வந்தது? அவர் திருடுகிற ஆள் இல்லை என்றுதானே செல்வம் நம்பினான்? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

தம்பி, உங்களிடம் ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறான். இரண்டாம் அத்தியாயத்தில் ஏஜெண்டுக்குப் பணம் கட்டினானே, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறீர்களா?

#16 கொல்லைப்புறம்

ஐயோ!

#17 வைப்பாற்றுக்காரன்

பாஸ்கர் டீச்சரம்மாவின் மகன்.

கை நடுங்குகிறது. எழுதிவிட்டு வருகிறேன்.

#18 மாதநாவல்காரர்

அவர் எழுதட்டும். மற்றவர்களுக்காக ஒன்று. புது ஆளை இறக்காமல் இருக்கிற ஆளுக்கு வேலை கொடுப்பதில் இதுதான் வசதி. பாஸ்கர் கடைசியில் பணத்தோடு வருவது முன்பு தெய்வச்செயலாக இருந்தது. இப்போது அவன் வந்தே ஆக வேண்டும், ஏனென்றால் அம்மா தை மாதம் போய்த் திருப்புவதற்குள் அசல் சங்கிலியை வாங்கிவைக்க வேண்டும். முடிவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, அதன் வேரைப் பின்னால் கொண்டுபோய் நட்டால் போதும். நிவாரணமாக வந்தவனே குற்றவாளி. தை மாதம் என்பதும் இப்போது தேதியாகிவிட்டது. மலர் கல்யாணமும் தையில், சங்கிலி திருப்புவதும் தையில். முன்பு கல்யாணம் சும்மா பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது.

#19 உரைகல்

தொழில்காரன் கண்ணுக்கு ஒரு ஓட்டை தெரிகிறது. வெள்ளியில் செய்து முலாம் பூசினால், அதே நீளத்தில் 40 கிராம் வர வேண்டுமென்றால் சங்கிலி பருமனாகும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய முப்பது சதவீதம் பருமன் கூடும். செல்வம் கவனிக்காமல் இருக்க மாட்டான்.

அதை மறைக்காதீர்கள், எழுதிவிடுங்கள். செல்வம் கையில் எடுத்து, 'என்ன டீச்சர், சங்கிலி கொஞ்சம் தடிச்ச மாதிரி இருக்கே' என்று கேட்கட்டும். அவர், 'பாஸ்கர் ஊருக்குப் போறதுக்கு முன்னாடி மெருகு போட்டுக் கொடுத்தான்ப்பா' என்று சொல்லட்டும். மெருகு போட்டால் பளபளக்கும், தடிக்காது. செல்வத்துக்கு அது தெரியும். தெரிந்தும் விட்டுவிடுகிறான்.

பிறகு எப்படித் தெரியவருகிறது என்பதற்கும் ஒரு வழி. கணக்குச் சரிபார்க்கிற நாளில் கொக்கி வளைந்திருப்பதைப் பார்த்துக் குறடு வைத்து நிமிர்த்துகிறான். குறடு கடித்த இடத்தில் தோல் உரிந்து வெள்ளை தெரிகிறது.

#20 புலவர் தாத்தா

மெருகு என்ற அந்த ஒரு வாக்கியம் போதும். வாசகர் படிக்கும்போது அது வெறும் பேச்சு. பிறகு திரும்பி வந்து பார்க்கும்போது அதுதான் சாட்சி. சிலம்பிலும் சாட்சி பொருளுக்கு உள்ளேதான் இருக்கிறது. வெளியே இரண்டும் ஒன்றுபோல. பாண்டியமாதேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்தால்தான் தெரியும். உடைத்தபோது மணி தெறித்துப் பட்ட இடம் எது தெரியுமா? அரசனின் வாய். ஆணையிட்ட அதே வாய்.

அந்த இடத்தை நான் நடத்தும்போது ஒரு வருடமும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லவில்லை. அப்போது எனக்கே தெரியாது.

#21 மௌனவாசகன்

உரைகல் எழுதியதற்கு வணக்கம். இந்த இழையிலேயே நல்ல எழுத்து அவருடையதுதான், அவர் எழுத்தாளர் இல்லையாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இப்போது எல்லாம் பூட்டும் சாவியும் மாதிரி பொருந்த ஆரம்பித்துவிட்டது. எனக்கு இது பயமாக இருக்கிறது. எல்லா நூலும் ஒரே முடிச்சில் வந்து சேர்ந்தால் வாசகனுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து இழுப்பது தெரிந்துவிடும். அப்பாவின் சாவைச் சங்கிலியோடு முடிச்சுப் போடாதீர்கள். மாரடைப்புக்குக் காரணம் இந்த அவமானம்தான் என்று எழுதினால் நாவலை மூடிவிடுவேன், டிக்கெட்கூட வைக்க மாட்டேன். ஒரு சாவாவது கதைக்கு வேலை செய்யாமல் சும்மா சாவாக இருக்கட்டும்.

#22 மாதநாவல்காரர்

இதில் நான் அவர் கட்சி. அப்பாவின் சாவு காரணமில்லாமல் வரட்டும். ஆனால் வந்தபிறகு செல்வம் அதைக் கொண்டு ஏதாவது செய்ய வேண்டும். உதாரணத்துக்கு, துக்கத்துக்கு வந்த முதலாளி அவன் கையில் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். இனி அவரிடம் உண்மையைச் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம். சாவு கதையைத் தள்ளவில்லை, திரும்புகிற பாதையை அடைத்துவிடுகிறது. மழையை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடுங்கள்.

#23 வைப்பாற்றுக்காரன்

மூன்று நாள் ஆயிற்று. மழை போய்விட்டது. 22 பக்கம். கிழிக்கும்போது வயிறு கலங்கியது, அதில் கண்மாய் உடைகிற இடம் ஒன்று நன்றாக வந்திருந்தது. தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், எதற்காவது ஆகும்.

புதுச் சுருக்கம். ஜூன் மாதம் டீச்சரம்மா சங்கிலியை வைக்கிறார். செல்வம் தடிப்பைக் கவனிக்கிறான், கேட்கிறான், அரம் வைக்கவில்லை. ஆகஸ்டில் குறடு கடித்த இடத்தில் வெள்ளை தெரிகிறது. சொன்னால் பழி தன்மேல் விழும், அதனால் மறைக்கிறான். தை மாதம் டீச்சரம்மா வந்தால் அகப்பட்டுக்கொள்வான், அதனால் மலருக்காகச் சேர்த்த பணத்தில் அதே மாதிரி ஒரு அசல் சங்கிலி செய்ய ஆசாரியிடம் கொடுக்கிறான். அதனால் மலரின் நகையில் 5 பவுன் குறைகிறது. அதனால் மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள். முன்பு அவர்கள் பேராசைக்காரர்களாக இருந்தார்கள், இப்போது பேசியதைத்தான் கேட்கிறார்கள். இதற்கு நடுவே அவன் ஆசாரி வீட்டுக்கு நடையாய் நடப்பதை முதலாளி பார்த்துவிடுகிறார், அதனால் சந்தேகம். அப்பா சாகிறார். முதலாளி பணம் கொடுக்கிறார். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு பாஸ்கர் கையில் அசல் சங்கிலியோடு கடைக்கு வருகிறான், போலியை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டு இதை வைக்கச் சொல்ல. லாக்கரில் செல்வம் செய்துவைத்த அசல் இருக்கிறது. இப்போது இரண்டு அசல், ஒரு போலி, ஒரே சீட்டு. வாசலில் டீச்சரம்மா.

இதற்குமேல் என்ன நடக்கும் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் முதல் தடவையாக, தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. புதுவரவு கேட்ட கேள்விக்கு இதைப் பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

#24 உரைகல்

ஆசாரி செய்த புதுச் சங்கிலியில் முத்திரை இருக்குமா இல்லையா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். டீச்சரம்மாவின் பழைய சங்கிலி, 22 கேரட்டுக்கான 916 முத்திரை புழக்கத்துக்கு வருவதற்கு முன் செய்ததாக இருந்தால், முத்திரை போட்டுச் செய்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். பழைய சங்கிலியில் தேய்மானமும் இருக்கும், கண்ணிகள் ஒன்றோடொன்று உரசி உட்பக்கம் தேய்ந்திருக்கும். புதுசில் அது இருக்காது. இருபது வருடம் போட்ட ஆளின் விரலுக்கு அது தெரியும்.

#25 கொல்லைப்புறம்

நேற்று வைப்பாற்றுக்காரரின் புதுச் சுருக்கத்தைப் பெரியம்மாவுக்குச் சொன்னேன். வாசிக்கவில்லை, கதையாகத்தான் சொன்னேன். மெருகு போட்ட இடம்வரை 'ம்' வந்தது. அதோடு நின்றது. கடலைச் சத்தமும் நின்றது. சரி, ஜெயித்துவிட்டார் தம்பி என்று மேலே சொல்லிக்கொண்டே போனேன். குறடு, ஆசாரி, சாவு எல்லாம் சொல்லி, டீச்சரம்மா வாசலில் நிற்கிற இடத்தில் நிறுத்தினேன்.

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. தன் கழுத்துச் சங்கிலியை இரண்டு விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்:

"இருவது வருசம் கழுத்துல கெடந்த சங்கிலி. அது மாறினது அவளுக்குத் தெரியாதாக்கும்? தெரிஞ்சுதான் கொண்டுவந்து வச்சிருப்பா. நம்ம பய செல்வம், அரம் வைக்க மாட்டான்னு தெரிஞ்சுதான் வச்சிருப்பா."

மறுபடி கடலை உரிக்கத் தொடங்கிவிட்டார்.

#26 வைப்பாற்றுக்காரன்

அக்கா, பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம்.

மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி எழுதுகிறேன். சீட்டில் கையெழுத்துப் போடும்போது டீச்சரம்மா செல்வத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையோரம் கிடக்கும் அரத்தைப் பார்க்கிறார்.